ஐலீனின் ஒருசந்தி

ஐலீன் குண்டு. இப்படிச் சொன்னால் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். சொல்கிற நானும் குண்டுதான். ஜொகூர் பாருவில், தம்போயில் எங்கள் வரிசை வீடுகளுக்கு முன்னால் நாங்கள் இருவரும் சேர்ந்து நடந்தால், பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரன் ஹார்ன் அடித்துத்தான் வழி கேட்க வேண்டும். "நம்ம அப்பன் போட்ட ரோடு அக்கா, மெதுவா போகட்டும்" என்று சொல்லிச் சிரிப்பாள். அவள் சிரித்தால் கன்னம், தோள், வயிறு எல்லாம் சேர்ந்து சிரிக்கும். அந்த ஐலீனைத்தான் எனக்குத் தெரியும். இப்போது இருப்பவள் எனக்கு இன்னும் பழகவில்லை.

என் பெயர் மலர். பக்கத்து வீடு. வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ரவிக்கையும் கவுனும் தைக்கிறேன். ஐலீனுக்கு இத்தனை வருடமாக நான்தான் தைக்கிறேன். கடையில் அவள் அளவுக்கு எதுவும் கிடைக்காது. அளவு நாடாவை அவள் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவரும்போது, "கயிறு பத்துதா, இல்ல ஒட்டுப்போடணுமா?" என்று அவளே கேட்பாள்.

பெக்கோக் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் ரப்பர் வெட்டினவர்கள். பிறகு தோட்டம் செம்பனைக்கு மாறியபோது பள்ளி விட்டு வந்து குலை சுமந்திருக்கிறாள். மாதத்தில் ஒரு ஞாயிறு சாமியார் வந்து பூசை வைக்கும் சின்னக் கோயிலை அவள் அம்மாதான் கூட்டித் துடைத்து வைப்பார். அங்கிருந்து ஜொகூர் பாருவுக்குத் தொழிற்சாலை வேலைக்கு வந்தாள். அதே தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த ரோலண்டைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு தொழிற்சாலைக் கேன்டீனில் சமையல். அண்டா அண்டாவாகச் சோறு வடித்த கை அது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற ஆள் தோங்கை வாசலிலேயே வைத்துவிட்டுப் போவான். இவள் அதை ஒரு கையால் தூக்கி இடுப்பில் சாய்த்து அடுப்படிக்குக் கொண்டுபோவாள். என் வீட்டுத் தோங்கையும் அவள்தான் கொண்டுவந்து வைப்பாள்.

குண்டுக்கு எதிர்ப்பதம் ஆரோக்கியம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன், நோயில்லாமல் இருந்தாள் என்றும் சொல்ல மாட்டேன். பிரஷர் இருந்தது, முட்டி வலி இருந்தது. ஆனால் பலம் இருந்தது. அந்தப் பலம்தான் அவளுக்குத் தேவைப்பட்டது.

ரோலண்ட் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சில மாதங்களில், காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். வாதம். வலது கையும் வலது காலும் போய்விட்டன. வாயும் போனது. மூன்று சொற்கள்தான் மிச்சம்: வேணாம், சாப்பிடு, வீட்டுக்கு. ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் யார் பக்கத்தில் போனாலும் "வீட்டுக்கு, வீட்டுக்கு" என்றுதான் சொன்னார். நர்ஸிடமும் அதுதான், தரை துடைக்க வந்த பெண்ணிடமும் அதுதான்.

அதற்குக் காரணம் இருந்தது. ரோலண்டின் அண்ணனைக் கூலாய் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்திருந்தார்கள். பார்க்கப் போன ரோலண்ட் திரும்பி வந்து அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அண்ணன் அடுத்த ஈஸ்டரைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்து வரும் வழியில் காரில் வைத்து, "ஐலீன், என்னைய மட்டும் அங்க போட்டுடாத" என்று ரோலண்ட் கேட்டிருக்கிறார். இவள் ஜெபமாலை மேல் சத்தியம் செய்து கொடுத்தாள். இதை அவள் என்னிடம் சொன்னது ஒரு தடவை அல்ல.

ஆக, விஷயம் இவ்வளவுதான். ரோலண்டைக் கட்டிலிலிருந்து வீல்சேருக்கும், வீல்சேரிலிருந்து கழிப்பறைக்கும், மறுபடி கட்டிலுக்கும் தூக்கி வைக்க ஒருவர் வேண்டும். தூக்க முடிகிற வரை அவர் வீட்டில் இருப்பார். முடியாத நாளில் கூலாய். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரே மகன் ஜோனதன் வாராவாரம் பாலம் தாண்டி வந்து இதைத்தான் பேசுவான்.

"மம்மி, முடியலன்னா சொல்லிடுங்க லா. இப்பல்லாம் நல்ல ஹோம் இருக்கு. ஏர்கோன் ரூம் இருக்கு."

"நான் நிக்கிற வரைக்கும் உங்க டேடி இங்கதான். நான் விழுந்தா அப்புறம் உன் இஷ்டம்."

ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தூக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர் இடுப்பில் அகலமான பெல்ட்டைக் கட்ட வேண்டும், அவர் இடது கையைத் தன் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும், அவர் முட்டிக்குத் தன் முட்டியை முட்டுக் கொடுக்க வேண்டும், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணித் தூக்க வேண்டும். ஐலீன் எண்ண மாட்டாள். "சேசு, மரி, சூசை" என்பாள். சூசைக்கு ரோலண்ட் எழுந்து நிற்பார். சூசையப்பர் தச்சர், பலசாலி, கடைசியில் அவர் கை கொடுப்பார் என்பது அவள் கணக்கு. காலையில் என் அடுப்படி ஜன்னல் வழியாக அந்தச் சத்தம் கேட்கும். அதைக் கேட்டுத்தான் நான் தேத்தண்ணீர் கலக்குவேன்.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. அதற்குள் அவளுடைய முட்டி இரண்டும் வீங்கிவிட்டன. கிளினிக்கில் டாக்டர் பெண் எடையைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். உடம்பைக் குறைக்காவிட்டால் முட்டி தேய்ந்து நீங்களே வீல்சேரில் உட்கார வேண்டியிருக்கும் என்றாள். அதைச் சொன்னதில் தப்பே இல்லை. சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல இன்னொரு பெண்ணிடமும் அனுப்பினாள். அவள் ஒரு தட்டுப் படத்தைக் காட்டி விளக்கினாள்: நாலில் ஒரு பங்கு சோறு, நாலில் ஒரு பங்கு மீனோ கோழியோ முட்டையோ பருப்போ, மிச்சப் பாதி காய்கறியும் பழமும். ஐலீன் அந்தப் படத்தைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜ் மேல் காந்தம் வைத்து ஒட்டினாள்.

"அக்கா, நான் வீல்சேர்ல உக்காந்துட்டா இவரை யாரு தூக்குவா?" என்று என்னிடம் கேட்டாள். பயந்துபோயிருந்தாள். அவ்வளவு பயந்து நான் அவளைப் பார்த்ததில்லை.

அடுத்த சில நாட்களில் திருநீற்றுப் புதன் வந்தது. நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, நாப்பது நாளும் ஒருசந்தி புடிக்கப் போறேன். கவுச்சியும் இல்ல, முட்டையும் இல்ல, பாலும் இல்ல. மாதாகிட்ட சொல்லிட்டேன். இவரு கால்ல ஒரு அசைவாவது குடுக்கட்டும்."

ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரே வேளை முழுச் சாப்பாடு. நோன்புக் காலத்தில் அவர்கள் வீட்டில் வழக்கம்தான். ஆனால் அவள் அம்மாகூடச் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும்தான் ஒருசந்தி இருந்தார். மற்ற நாட்களில் கறி மட்டும் தொட மாட்டார். இவள் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். டாக்டர் சொன்ன வேலையும் ஆகும், சாமி காரியமும் ஆகும் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். நான் என்ன சொல்ல முடியும்? புரட்டாசி முழுக்கச் சைவம் சாப்பிடுகிறவள் நான். சாமிக்கு நேர்ந்துகொண்டவளின் தட்டில் கை வைக்க எனக்கு வாய் வரவில்லை.

மத்தியானம் ஒரு தட்டுச் சோறும் கங்கோங் கீரையும். காலையிலும் சாயங்காலமும் பாலும் சீனியும் இல்லாத கட்டத் தேத்தண்ணீரும் கிரீம் கிரேக்கர் ரொட்டியும். சில நாள் அதுவும் இல்லாமல் வெறும் கஞ்சி, ஊறுகாய். ஃபிரிட்ஜ் மேல் இருந்த தட்டில் ஒரு பங்கை அப்படியே மாதாவுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டாள். மீன், கோழி, முட்டை இருக்க வேண்டிய பங்கு அது. பருப்பாவது போடு என்றால், "வாயு, அக்கா, முட்டியில போய் உக்காந்துக்கும்" என்பாள்.

எடை குறைந்தது. அதையும் சொல்ல வேண்டும். ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிற்றுக்குள்ளேயே முகம் வற்றிப்போனது. முட்டி வலி குறைந்தது என்றாள். அந்த வாரம்தான் ரோலண்டின் வலது கால் கட்டைவிரல் லேசாக ஆடியதாம். நானும் போய்ப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஆடியதாகத் தெரியவில்லை. ஐலீனுக்கு ஆடியது. அவ்வளவுதான், ஈஸ்டருக்கு ஒருசந்தி முடியவில்லை. அவர் எழுந்து நடக்கிற வரைக்கும் என்று நேர்ச்சையை நீட்டிவிட்டாள்.

பங்குச் சாமியாருக்கு விஷயம் தெரிந்து அவரே வீட்டுக்கு வந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"ஐலீனம்மா, உங்க வயசுக்கு ஒருசந்தி கடமையே இல்ல. அதுவும் இப்ப ஈஸ்டர் காலம். நல்லா சாப்பிடுங்க."

"சரி ஃபாதர்" என்றாள். அவர் கார் திரும்பியதும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். "அவரு நல்லவருதான் அக்கா. ஆனா நேந்துக்கிட்டது நானும் மாதாவும். அவருக்கு இதுல என்ன?"

எனக்கு எரிச்சல் வருவது அவள் மேல் அல்ல. ஊர் மேல். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் அவளைச் சுற்றிக் கூட்டம். "ஆன்ட்டி, எப்படி இவ்ளோ ஸ்லிம் ஆனீங்க?" "பத்து வயசு கொறைஞ்சிருச்சே!" "எங்களுக்கும் சொல்லிக் குடுங்க லா." வரிசை வீட்டுப் பெண்கள் கேட்டில் நிறுத்திக் கேட்டார்கள். வாழ்நாள் முழுக்கக் குண்டு என்று கேலி கேட்டவளுக்கு, அறுபது தாண்டி முதல் தடவை மெலிந்துவிட்டாய் என்று பாராட்டு கிடைக்கிறது. அது போதை. கிளினிக்கிலும் எடை மிஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு "பாகுஸ், ஆன்ட்டி!" என்று கை தட்டினார்கள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை. அந்த மிஷினுக்குக் கொழுப்பும் ஒன்றுதான், சதையும் ஒன்றுதான். எது போயிற்று என்று அதற்குத் தெரியாது.

எனக்கும் தெரியாது. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். தொளதொளத்துப்போன கவுனைப் பிடித்துத் தைத்துத் தரச் சொல்லி அடிக்கடி வருவாள். இடுப்பில் கொஞ்சம்தான் பிடிக்க வேண்டியிருந்தது. கையில்தான் நிறையப் பிடித்தேன். வயிறு முன்போலவே உருண்டையாகத் தள்ளிக்கொண்டு நிற்க, தோளும் மேல்கையும் வற்றி, தோல் துணியைப்போலத் தொங்கியது. தொடையும் அப்படித்தான். ஒரு நாள் கேட்டேன்.

"என்னா ஐலீன், வயித்த விட்டுட்டு கையும் காலும் மட்டும் மெலியுது?"

"வயிறு கடைசிலதான் போகுமாம் அக்கா. அது பிடிவாதக்காரி" என்று வயிற்றைத் தட்டிச் சிரித்தாள். சிரிப்பில் பாதிதான் இருந்தது.

ரோலண்டுக்கு மட்டும் அவள் குறை வைக்கவில்லை. கோழியை எலும்பெடுத்து மசித்துக் கொடுப்பாள். தெங்கிரி மீனை முள் பார்த்து ஊட்டுவாள். காலையில் அரைவேக்காட்டு முட்டை, மிளகுத்தூள், ஒரு சொட்டு கிச்சாப். வாயில்லாதவர் என்பதால் அவருக்குக் கண்ணும் இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஒரு காலை நான் போயிருந்தபோது அவள் ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் கரண்டியை இடது கையால் பிடித்து அவள் வாய்க்குத் திருப்பினார்.

"சாப்பிடு."

"நீங்க சாப்பிடுங்க."

"சாப்பிடு. சாப்பிடு."

"எனக்கு ஒருசந்திங்க. உங்களுக்காகத்தான் புடிக்கிறேன்" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முட்டை அவள் கவுனில் வழிந்தது. "வேணாம்" என்றார் ரோலண்ட். அவர் தனக்கு முட்டை வேண்டாம் என்றுதான் சொல்கிறார் என்று வைத்துக்கொண்டு அவள் தட்டை எடுத்துப் போய்விட்டாள். வேண்டாம் என்று அவர் எதைச் சொன்னார் என்று எனக்கு அன்றைக்கே புரிந்தது.

"ஏன்டி, ஒரு முட்டைக்கு மாதா கோவிச்சுக்குவாங்களா?" என்று கத்தினேன். "அவங்களும் புள்ள பெத்தவங்கதானே!"

"அக்கா, புரட்டாசிக்கு நீங்க விரதம் இருக்கும்போது நான் வந்து வாயில கோழிய திணிச்சேனா?" என்றாள்.

மழைக்காலம் வருவதற்குள் கேஸ் ஆளை உள்ளே கொண்டுவந்து வைக்கச் சொல்ல ஆரம்பித்திருந்தாள். ஊறுகாய்ப் புட்டியைத் திறக்க என்னிடம் கொண்டுவந்தாள். கோயிலில் முழந்தாளிட்டால் முன் பெஞ்சைப் பிடித்து இழுத்துத்தான் எழுந்தாள். காலையில் கேட்கும் சத்தமும் மாறிவிட்டது. சேசு, மரி, சூசை. கொஞ்சம் இடைவெளி. மறுபடி சேசு, மரி, சூசை. சில காலைகளில் சூசை வருவதற்குள் என் தேத்தண்ணீர் ஆறிவிடும். எடைதான் குறைந்துவிட்டதே, முட்டி வலியும் இல்லையே, பிறகு ஏன் தூக்க முடியவில்லை என்று அவளுக்கே விளங்கவில்லை. ரோலண்ட்தான் கனத்துவிட்டார் என்று முடிவு செய்தாள்.

"நல்லா ஊட்டி ஊட்டி யானையாக்கிட்டேன் அக்கா இவரை" என்றாள்.

"ஜோனதன்கிட்ட சொல்லி ஒரு ஆள் வைப்போம்" என்றேன்.

"அலமாக், வேற வினையே வேணாம். ஆள் வேணும்னு சொன்னா, ஏன் மம்மி, ஹோம்லயே நிறைய ஆள் இருக்கேன்னுவான்."

அந்தப் பயத்தில் மகனிடம் ஒரு வார்த்தை விடவில்லை. அவன் வருகிற நாளில் என்னைக் கூப்பிட்டு வைத்துக்கொள்வாள். அவன் குளிக்கப் போகும் நேரத்தில் நாங்கள் இருவருமாகத் தூக்கி வைத்துவிட்டு, அவள் ஒன்றும் நடக்காததுபோலக் கை துடைத்துக்கொண்டு நிற்பாள். அவனும் அம்மா மெலிந்து அழகாகிவிட்டாள் என்று போனில் படம் எடுத்துக்கொண்டு போவான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கிய வாரம் அது. காலையில் சேசு கேட்டது. மரி கேட்டது. சூசை கேட்கவில்லை. அலமாரி சாய்ந்ததுபோல ஒரு சத்தம் கேட்டது.

அவள் வீட்டுச் சாவி என்னிடம் உண்டு. திறந்துகொண்டு ஓடினேன். கட்டிலுக்கும் வீல்சேருக்கும் நடுவில் ஐலீன் மல்லாந்து கிடந்தாள். அவள் மேல் ரோலண்ட். கடைசி நொடியில் அவர் தலை தரையில் அடிபடாமல் தன் மேல் வாங்கிக்கொண்டிருக்கிறாள். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவளுடைய ஒரு கால் மட்டும் கோணலாகத் திரும்பிக் கிடந்தது. முகம் வெளுத்துப் போயிருந்தது. ஆனால் அவள் கத்தவில்லை.

"அக்கா, அவரை மொதல்ல தூக்குங்க" என்றாள்.

என்னால் முடியவில்லை. எதிர்வீட்டு மலாய்க்காரரைக் கூப்பிட்டு வர ஓடினேன். நாங்கள் வரும்வரை ரோலண்ட் அவள் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, "சாப்பிடு, சாப்பிடு, சாப்பிடு" என்று அழுதுகொண்டிருந்தார்.

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவை செய்து கம்பி வைத்தார்கள். இரண்டாம் நாளே எழுப்பி நிறுத்தப் பார்த்தார்கள். கால் துணிபோல மடங்கியது. நடைப்பயிற்சி கொடுக்க வந்த பெண் தமிழ்ப்பிள்ளை. நல்ல பொறுமைசாலி. ஐலீனின் தொடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இத்தனை மாதமாக என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். முதன்முதலில் அதைக் கேட்டது அவள்தான். ஐலீன் பெருமையாகவே சொன்னாள். அந்தப் பெண் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு மெதுவாகப் பேசினாள்.

"ஆன்ட்டி, எடைய குறைக்கச் சொன்னது சரிதான். ஆனா உங்களுக்கு கொழுப்பு மட்டும் குறையல, சதையும் சேர்ந்து போயிருச்சு. வயசானப்புறம் சாப்பாட்ட குறைச்சா முட்டை, மீன், பருப்பு, இத மட்டும் குறைக்கவே கூடாது. காலுக்கு எக்சர்சைஸும் செய்யணும். இல்லன்னா உடம்பு தன் சதையத் தானே தின்னுரும். எலும்புக்கும் அது நல்லதில்ல."

"நான் அவரை தினம் தூக்குனேனே, அது எக்சர்சைஸ் இல்லியா?"

"தூக்குனீங்க ஆன்ட்டி. ஆனா தூக்குற கைக்கு ஒன்னும் குடுக்கலியே."

"அப்ப மாதாவுக்கு நான் குடுத்தது?" என்று கேட்டாள் ஐலீன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். கடவுளும் டாக்டரும் ஆளுக்கொன்று சொன்னால் மனுஷி ஏதாவது ஒன்றையாவது சந்தேகப்படுவாள். இரண்டு பேரும் ஒரே பக்கம் நிற்பதாக நினைத்துக்கொண்டுதான் இவள் ஏமாந்தாள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அன்றைக்கு நான் காரில் அழுதுகொண்டே வந்தேன்.

ஜோனதன் ஒரு வாரம் லீவு எடுத்து அப்பாவைப் பார்த்துக்கொண்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். கழுவினான், துடைத்தான், ஊட்டினான், தூக்கித் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டது. லீவு முடிகிற நாளில் ஆஸ்பத்திரிக்கு வந்து அம்மாவின் கட்டில் ஓரத்தில் நின்றான்.

"மம்மி, நிக்கிற வரைக்கும்னு நீங்கதான் சொன்னீங்க" என்றான். அம்மாவின் காலடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதான். ஐலீன் அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. எந்த இல்லம் என்று மட்டும் கேட்டாள். கூலாய் பக்கம், அண்ணன் இருந்தது இல்லை, வேறு ஒன்று என்றான்.

ரோலண்டை ஏற்றிக்கொண்டு போன அன்று நான்தான் வாசலில் நின்றேன். வீட்டைப் பார்த்துக்கொண்டே போனார். கார் முனை திரும்புகிற வரைக்கும் அவர் சத்தம் கேட்டது. எந்த வார்த்தை என்று சொல்ல வேண்டியதில்லை.

ஐலீன் வீட்டுக்கு வந்து இப்போது வாக்கர் என்கிற நாலு கால் கம்பியைப் பிடித்து நடக்கிறாள். கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போவதற்குள் இரண்டு தடவை நிற்க வேண்டும். நான் முட்டை அவித்துக் கொடுக்கிறேன், மீன் ஆணம் கொண்டுபோகிறேன். மறுக்காமல் சாப்பிடுகிறாள், ருசித்து அல்ல. சொல்லிக் கொடுத்த பயிற்சியை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு செய்கிறாள். கால் தேறலாம், குச்சி ஊன்றி நடக்கலாம் என்கிறார்கள். ஒரு ஆளைத் தூக்குவதைப் பற்றி அந்தப் பெண்ணிடம் ஐலீன் கேட்டாள். அவள், "அது வேணாம் ஆன்ட்டி, இனிமே" என்று சொல்லிவிட்டாள்.

போன வெள்ளிக்கிழமை அவளை என் பழைய காரில் வைத்துக் கூலாய்க்குக் கூட்டிப் போனேன். மறுபடியும் தவக்காலம். இல்லம் சுத்தமாகத்தான் இருந்தது. ஃபினைல் வாசனை, வரிசையாகக் கட்டில்கள், யாரும் பார்க்காத டி.வி. அங்கே வேலை பார்க்கும் பெண் எங்களைக் கண்டதும் குறை சொன்னாள். காலையில் எல்லோருக்கும் ஓர் அவித்த முட்டை கொடுக்கிறார்களாம். அங்கிள் அதைச் சாப்பிடுவதே இல்லையாம். சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறாராம். பிடுங்கப் போனால் அடிக்க வருகிறாராம். நாலைந்து நாள் பையிலேயே கிடந்து நாற்றமெடுத்து, சட்டையைக் கழற்றித் துவைக்க வேண்டியிருக்கிறதாம்.

ரோலண்ட் மெலிந்திருந்தார். ஐலீனைப் பார்த்ததும் இடது கை சட்டைப் பைக்குப் போனது. அன்றைய முட்டையை எடுத்தார். வீல்சேரின் கைப்பிடியில் தட்டினார். ஒரு கையாலேயே, நகத்தால், மடியில் வைத்து உரித்தார். பாதி ஓடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அவள் வாய்க்கு நேராக நீட்டினார்.

"சாப்பிடு."

தவக்கால வெள்ளி, அன்றைக்கு மட்டும் அவள் இன்னும் முட்டை தொடுவதில்லை. ஐலீன் என்னைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தாள். ஓட்டோடு கடித்தாள். அவர் கையிலிருந்து முழு முட்டையையும் சாப்பிட்டாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. அவள் விழுங்குவதைத் தொண்டையையே பார்த்துக்கொண்டு அவர் காத்திருந்தார்.

விழுங்கி முடித்ததும் ரோலண்டின் முகம் தெளிந்தது. வீட்டில் தினம் காலையில் செய்வதுபோல இடது கையைத் தூக்கி, அவள் கழுத்தில் போட்டுக்கொள்ள வளைத்து நீட்டினார்.

"வீட்டுக்கு" என்றார்.

ஐலீன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பியை விட்டால் விழுந்துவிடுவாள். அவள் உதடு அசைந்தது. சேசு என்றது எனக்குக் கேட்டது. மரி என்றதும் கேட்டது.

அதற்குள் வேலைக்காரப் பெண்கள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். அங்கிளுக்குப் படுக்கிற நேரம் என்றார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சத்து, டுவா, தீகா என்று மலாயில் எண்ணி, அவரைத் தூக்கிக் கட்டிலில் போட்டார்கள்.